கடவுச்சொல் இட்டபின் கணிப்பொறி தாமதிப்பது ஏன்?

வீட்டிலுள்ள கணிப்பொறியின் விசையை அழுத்துகிறோம். திரை ஒளிர்கிறது, கடவுச்சொல் கேட்கிறது, இடுகிறோம். வழக்கமான படமும் சின்னங்களும் தோன்றிவிடுகின்றன. ஆனால் எதைச் சொடுக்கினாலும் பதில் இல்லை. சிறு வட்டம் ஒன்று சுழன்றுகொண்டே இருக்கிறது. ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ சென்ற பின்னரே யந்திரம் நம் சொற்படி கேட்கத் தொடங்குகிறது. மாணவர்களின் மதிப்பெண்களைப் பதிவு செய்ய உட்கார்ந்த ஆசிரியருக்கும், அன்று வயலில் எடுத்த அளவீடுகளை இரவுக்குள் அனுப்பிவிட வேண்டிய களப்பணியாளருக்கும் இக்காத்திருப்பு எவ்வளவு எரிச்சலூட்டும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்நிலையில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். கணிப்பொறி பழையதாகிவிட்டது என்று கருதிப் புதியதொன்றை வாங்கத் துணிகின்றனர்; அல்லது பழுது பார்ப்பவரிடம் எடுத்துச் செல்கின்றனர். அவரும் நோயைக் கேளாமலே 'பார்மட்' என்னும் ஒரே மருந்தைக் கொடுத்து, தட்டிலுள்ள யாவற்றையும் அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவித் தருகிறார். முதலாவது வழி பணத்தைப் பறிக்கிறது. இரண்டாவது, பல ஆண்டுகளாகச் சேர்த்த பாடக்குறிப்புகளையும் பதிவேடுகளையும் நிழற்படங்களையும் பறித்துவிடக்கூடும். இவ்விரண்டிற்கும் முன்னர் ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டுச் செய்யக்கூடிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. கணிப்பொறியின் உறுப்புகள் எல்லாம் ஒருங்கே மந்தமாவது அரிது. ஏதோ ஓர் உறுப்பின் வாயிலில் வேலைகள் வரிசையாக நிற்கின்றன. பிற உறுப்புகள் அதன்பொருட்டுச் சும்மா காத்திருக்கின்றன. அவ்வாயில் எதுவென்று அறிந்துவிட்டால் மருந்தும் தெரிந்துவிடும். இந்நாளில் நம் நாட்டு வீடுகளிலும் பள்ளிகளிலும் மிகுதியாகக் காணப்படும் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றை மனத்திற்கொண்டு அந்த ஆராய்ச்சி முறையை இங்கே விவரிப்போம்.

முகப்புத்திரைக்குப் பின்னால் நிகழ்வது

டெஸ்க்டாப் என்னும் முகப்புத்திரை தோன்றியதும் கணிப்பொறி ஆயத்தமாகிவிட்டது என்று எண்ணுகிறோம். உண்மையில் அப்பொழுதுதான் அதன் வேலைப் பளு உச்சத்தை நெருங்குகிறது. விசையை அழுத்தியவுடன் மதர்போர்டில் பதிந்துள்ள சிறு புரோகிராம் ஒன்று உறுப்புகளைச் சோதிக்கிறது. பின்னர் விண்டோஸின் மூலப்பகுதியும், உறுப்புகளை இயக்கும் டிரைவர்களும் தட்டிலிருந்து நினைவகத்திற்கு ஏற்றப்படுகின்றன. அதன்பின் 'சர்வீஸ்' எனப்படும் பின்னணிப் பணிகள் எழுகின்றன. அச்சு யந்திரத்திற்கு ஒன்று, வலையிணைப்புக்கு ஒன்று, வைரஸ் காவலுக்கு ஒன்று என இவை பல பத்துக்கு மேல் உண்டு. இவற்றுட் சில எழுந்துகொண்டிருக்கும்போதே நம்மிடம் கடவுச்சொல் கேட்கப்படுகிறது. அதை இட்டதும் நமக்குரிய அமைப்புகள் திறக்கப்பட்டு முகப்புத்திரை வரையப்படுகிறது. உடனே, தாமாகவே தொடங்குமாறு அமைந்த புரோகிராம்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் புறப்படுகின்றன. இதுவும் போதாதென்று, தாமதமாகத் தொடங்குக என்று குறிக்கப்பட்ட சர்வீஸ்கள் ஏறத்தாழ இரண்டு நிமிஷம் கழித்து எழும். நெரிசலின் நட்டநடுவே அவையும் வந்து சேர்கின்றன.

தாமாகத் தொடங்கும் புரோகிராம்களில் நாம் விரும்பிச் சேர்த்தவை சிலவே. அச்சு யந்திரம் வாங்கிய நாளில் அதனுடன் வந்த மை அளவு காட்டி, என்றோ ஒரு கூட்டத்திற்காக நிறுவிய காணொளிப் பேச்சுப் புரோகிராம், பாட்டுக் கேட்பதற்கானது, கைப்பேசியை இணைப்பதற்கானது, கோப்புகளைத் தொலைவிலுள்ள கிடங்குடன் ஒத்துப்பார்ப்பது, கணிப்பொறியை விற்ற நிறுவனம் தானே வைத்தனுப்பிய 'உதவியாளர்' ஆகியவை நம் அனுமதியைத் தெளிவாகக் கேளாமலே வாசலில் உட்கார்ந்துவிட்டவை. ஒவ்வொன்றையும் எழுதியவர் தம்முடையதே முதலில் எழ வேண்டும் என்று கருதியிருக்கிறார். ஒரே வாயிலில் இருபது பேர் நுழைய முயல்வார்கள் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

சுழலும் தட்டின் கணக்கு

அந்த வாயில் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் எனப்படும் சுழலும் காந்தத் தட்டாகவே இருக்கும். இதன் காரணம் எளிய கணக்கில் அடங்கியுள்ளது. எட்டாம் வகுப்பு மாணவரும் போட்டுப் பார்க்கலாம்.

மடிக் கணிப்பொறிகளில் வழக்கமாகப் பொருத்தப்பட்ட தட்டு நிமிஷத்திற்கு 5,400 முறை, அதாவது வினாடிக்கு 90 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி ஆகிறது. வேண்டிய செய்தி படிக்கும் முனையின்கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச்சுற்றுக் காத்திருக்க வேண்டும்; அது 5.5 மில்லி வினாடி. அதற்கு முன் முனையைத் தாங்கும் கை உரிய தடத்திற்கு நகர வேண்டும். அதற்கு ஏறக்குறைய 11 அல்லது 12 மில்லி வினாடி. ஆக ஒரு சிறு துண்டுச் செய்தியைத் தேடி எடுப்பதற்கு 17 மில்லி வினாடி செல்கிறது. ஒரு வினாடியில் அறுபது துண்டுகள், அவ்வளவுதான்.

இனித் தாமாகத் தொடங்கும் பன்னிரண்டு புரோகிராம்கள் உள்ளன என்றும், ஒவ்வொன்றும் எழுவதற்குத் தட்டின் வெவ்வேறு இடங்களிலிருந்து ஆயிரம் துண்டுகளைக் கேட்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 12,000 துண்டுகள். வினாடிக்கு 60 வீதம் இவற்றை எடுக்க 200 வினாடி, அதாவது மூன்று நிமிஷத்திற்கு மேல் ஆகும். இந்நேரத்தில் பிராசசர் ஏறத்தாழ ஓய்ந்தே இருக்கும். ஆகவே வேகமான பிராசசர் வாங்கியும் பயன் இராது.

இதே தட்டு ஒரு திரைப்படத்தைத் தடங்கலின்றிக் காட்டுகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். படத்தின் செய்தி அடுத்தடுத்த தடங்களில் தொடர்ச்சியாக எழுதப்பட்டிருக்கும். கை அலைய வேண்டியதில்லை. அவ்வாறு தொடர்ந்து படிக்கையில் இதே தட்டு வினாடிக்கு 100 எம்.பி. அளவுக்குத் தரவல்லது. சிதறிக்கிடக்கும் 4 கே.பி. துண்டுகளைப் பொறுக்கும்போதோ அது வினாடிக்குக் கால் எம்.பி. அளவிற்கும் கீழே இறங்கிவிடுகிறது. நூலகத்தில் ஒரே அலமாரியிலிருந்து நூறு புத்தகங்களை எடுத்து வருவதற்கும், நூறு அறைகளில் அறைக்கு ஒன்றாக எடுத்து வருவதற்கும் உள்ள வேறுபாடு இது. புரோகிராம்களுக்குத் தேவைப்படும் துண்டுகளைக் குறித்து வைத்துக்கொண்டு அவற்றை ஒழுங்குபடுத்தி முன்கூட்டியே எடுக்கும் ஏற்பாட்டை விண்டோஸ் 2001ஆம் ஆண்டு முதலே கொண்டுள்ளது. அது ஓரளவு உதவுகிறது. கூட்டம் அளவு மீறினால் அதுவும் தோற்றுவிடுகிறது.

தட்டுகளின் வரலாற்றிலேயே இக்குறையின் வேர் தெரிகிறது. 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமக் என்னும் யந்திரத்தில் 24 அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் இருந்தன. அவை யாவும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளைத் தாங்கின. ஒரு செய்தியைத் தேட 600 மில்லி வினாடி ஆயிற்று. இன்று ஒரு டி.பி. தட்டு அதைப் போல இரண்டு இலட்சம் மடங்கு செய்தியைத் தாங்குகிறது. ஆனால் தேடும் நேரமோ முப்பது, நாற்பது மடங்குதான் குறைந்திருக்கிறது. கிடங்கு மலைபோல் வளர, எடுத்துக் கொடுக்கும் கை ஒன்றாகவே இருந்துவிட்டது.

நகரும் பகுதி எதுவுமில்லாத எஸ்.எஸ்.டி. என்னும் மின்னணுத் தட்டில் இந்தக் கையும் இல்லை, சுழற்சியும் இல்லை. எளிய வகை எஸ்.எஸ்.டி.கூட வினாடிக்குப் பத்தாயிரம் துண்டுகளுக்குக் குறையாமல் எடுத்துத் தரும். முன்சொன்ன 12,000 துண்டுகளுக்கு அதற்கு ஒன்றேகால் வினாடி போதும்.

கடிகாரமும் குறிப்பேடும்

காரணத்தை ஊகித்தது போதாது; நம் யந்திரத்தில் அதுதானா என்று சோதித்தறிய வேண்டும். தேவையான கருவிகள் ஒரு கடிகாரமும் ஒரு குறிப்பேடுமே.

முதலில் மூன்று நேரங்களைக் குறித்துக்கொள்க: விசையை அழுத்தியது முதல் கடவுச்சொல் கேட்கும்வரை, கடவுச்சொல் இட்டது முதல் முகப்புத்திரை தோன்றும்வரை, முகப்புத்திரை தோன்றியது முதல் ஒரு புரோகிராம் சொடுக்கியவுடன் திறக்கும்வரை. கடைசி நேரமே மிக நீண்டதாக இருக்குமாயின் தொடக்கப் புரோகிராம்களும் தட்டும் சந்தேகத்திற்குரியவை. நடுநேரம் நீண்டிருந்தால் வேறு பக்கம் பார்க்க வேண்டும். அதைப் பின்னர்க் கூறுவோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, 'ஷட் டவுன்' கொடுத்தால் கணிப்பொறி முழுவதும் துடைத்துக்கொண்டு ஓய்வதில்லை. 'விரைவுத் தொடக்கம்' என்ற ஏற்பாட்டின்படி விண்டோஸின் மூலப்பகுதி அன்றிருந்த நிலையிலேயே தட்டில் எழுதி வைக்கப்பட்டு மறுநாள் அப்படியே எழுப்பப்படுகிறது. நேற்றைய குழப்பமும் உடன் எழுந்துவிடும். நாள்தோறும் ஒழுங்காக அணைத்துவிடுகிறேனே என்பவரின் கணிப்பொறி வாரக்கணக்கில் உண்மையான மறுதொடக்கம் காணாமல் இருக்கக்கூடும். ஆகவே சோதனைக்கு முன் 'ரீஸ்டார்ட்' ஒரு முறை கொடுத்தல் வேண்டும். அதனாலேயே குறை தீர்ந்துவிடுவதும் உண்டு.

அடுத்து, கடவுச்சொல் கேட்கும் திரையில் உடனே விடையளிக்காமல் ஐந்து நிமிஷம் சும்மா இருந்து, பிறகு உள்ளே நுழைந்து பார்க்கலாம். சர்வீஸ்கள் நமக்காகக் காத்திராமல் இந்த இடைவெளியில் தம் வேலையை முடித்துக்கொள்ளும். தொடக்கப் புரோகிராம்களோ நாம் நுழைந்த பின்னரே புறப்படும். இப்படிச் செய்தபோது தாமதம் பெரிதும் நீங்கினால் குற்றம் சர்வீஸ்களின் பக்கம். சிறிதும் மாறாவிடில் தொடக்கப் புரோகிராம்களின் பக்கம்.

மூன்றாவது சோதனை இன்னும் தெளிவானது. புதிய பயனாளர் பெயரொன்றை உண்டாக்கி அதில் நுழைந்து பார்ப்பதே அது. முதல் தடவை அமைப்புகள் யாவும் புதிதாக உண்டாக்கப்படுவதால் தாமதம் ஏற்படும். அதைக் கணக்கில் கொள்ளாமல் ஒரு முறை மறுதொடக்கம் செய்து இரண்டாம் தடவை நுழையும் நேரத்தைக் குறிக்க வேண்டும். புதிய பெயரில் விரைவாகவும் பழைய பெயரில் மந்தமாகவும் இருந்தால் உறுப்புகள் நலமாகவே உள்ளன. பழைய பெயரின்கீழ்ச் சேர்ந்த சுமையே காரணம். இரண்டிலும் மந்தமெனில் யந்திரத்தையோ எல்லோருக்கும் பொதுவான புரோகிராம்களையோ ஆராய வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்துப் பார்க்கும் இம்முறை, நம் பள்ளிச் சோதனைச் சாலைகளில் கற்பிப்பதேயன்றி வேறில்லை.

டாஸ்க் மேனேஜர் காட்டும் சான்று

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். முகப்புத்திரை வந்தவுடன் இதைத் திறந்து வைத்து, வேறெதையும் தொடாமல் பிராசசர், நினைவகம், தட்டு ஆகிய மூன்றின் சதவிகிதங்களையும் பத்து நிமிஷம் கவனிக்க வேண்டும். தட்டு 100 சதவிகிதத்தில் நிற்க, பிராசசர் இருபதுக்கும் கீழே இருந்தால் நாம் முன்னர்க் கண்ட கதைதான். அப்போது தட்டின் பகுதியைத் திறந்து எத்தனை எம்.பி. செல்கிறது என்று பார்த்தால், நூறு சதவிகித உழைப்பில் வினாடிக்கு ஓரிரு எம்.பி. மட்டுமே செல்வதைக் கண்டு வியப்பு உண்டாகும். கை அலைந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. சில நிமிஷத்தில் இது தணிந்துவிட்டால் தொடக்க நெரிசல் மட்டுமே. தணியாமல் நீடித்தால் காரணம் வேறு.

'ஸ்டார்ட்டப்' என்ற பகுதியில் தொடக்கப் புரோகிராம்களின் பட்டியலும், ஒவ்வொன்றின் பாதிப்பும் அதிகம், நடுத்தரம், குறைவு என்று தரப்பட்டிருக்கும். பிராசசரின் நேரத்தில் ஒரு வினாடிக்கு மேலோ, தட்டில் 3 எம்.பி.க்கு மேலோ எடுத்துக்கொள்வது 'அதிகம்' எனப்படும். வேண்டாதவற்றைத் தேர்ந்து 'டிசேபிள்' கொடுத்தால் அவை தாமாகத் தொடங்கா. அவை அழிந்துபோவதும் இல்லை. வேண்டும்போது நாமே திறந்துகொள்ளலாம். ஐயமுள்ளவற்றைப் பாதி பாதியாக நிறுத்திப் பார்ப்பது நலம். பதினாறு புரோகிராம்களில் ஒன்று குற்றவாளி என்றால் எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று என நான்கே தடவைகளில் அதைப் பிடித்துவிடலாம். வைரஸ் காவலை மட்டும் நிறுத்தலாகாது. ஆனால் இரண்டு வைரஸ் காவல்கள் ஒருங்கே இயங்கினால் ஒன்று திறக்கும் கோப்பை மற்றொன்றும் சோதிக்கும்; விண்டோஸ் 8 முதல் உள்ளேயே ஒரு காவல் அமைந்திருப்பதால், தவணை முடிந்தும் நீக்கப்படாமல் கிடக்கும் பிறிதொன்றை அகற்றிவிடலாம்.

இந்தப் பட்டியலில் வராமல் தொடங்குபவையும் உண்டு. அவற்றைக் காண, மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் ஆகியோர் எழுதிய ஆட்டோரன்ஸ் என்னும் புரோகிராம் உள்ளது. அவர்களுடைய நிறுவனத்தை மைக்ரோசாப்ட் 2006இல் வாங்கியபின் அதுவே இதை இலவசமாக வழங்கி வருகிறது. அதன் பட்டியல் மிக நீளமானது. பொருள் விளங்காத எதையும் அதில் தொடாதிருப்பதே அறிவுடைமை.

'வேகமூட்டும்' புரோகிராம்கள், 'ரிஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும்' புரோகிராம்கள் என்று விளம்பரம் செய்யப்படுபவற்றைப் பற்றியும் ஒரு சொல். அவற்றுட் பல தாமே தொடக்கப் புரோகிராம்களாகப் பதிந்து கூட்டத்தைப் பெருக்குகின்றன. ரிஜிஸ்ட்ரியிலிருந்து சில நூறு வரிகளை நீக்குவதால் உணரத்தக்க வேகம் வருவதில்லை. தவறாக ஒரு வரி நீங்கினால் கேடு வரும். இவற்றுக்குப் பணம் கொடுப்பது வீண் என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

தட்டு நோயுற்றிருந்தால்

மேற்கூறிய நெரிசலைப் போலவே தோன்றும் மற்றொரு நிலை உண்டு. அதுவே இவ்விஷயத்தில் மிகவும் அஞ்சத்தக்கது. காந்தத் தட்டில் சில இடங்கள் வலுவிழந்துவிட்டால் அங்குள்ள செய்தியைப் படிக்கத் தட்டு மீண்டும் மீண்டும் முயல்கிறது. ஒரே துண்டிற்குப் பல வினாடி செல்லலாம். வெளியே இருந்து பார்ப்பவருக்குக் கணிப்பொறி மந்தம் என்று மட்டுமே தெரியும். தட்டு அழிந்துகொண்டிருக்கிறது என்பது தெரியாது.

வேறுபாட்டை அறியும் வழி: டாஸ்க் மேனேஜரில் தட்டின் சராசரி விடையளிக்கும் நேரம் என்று ஓர் எண் உண்டு. நெரிசலில் அது பல பத்து, சில சமயம் சில நூறு மில்லி வினாடி வரை ஏறும். தட்டு 100 சதவிகிதம் என்று காட்ட, செல்லும் செய்தி சுழியத்தை ஒட்டியும், இந்த நேரம் ஆயிரக்கணக்கிலும் இருந்தால் நோய் என்றே கொள்ள வேண்டும். ஈவென்ட் வியூவர் என்னும் நிகழ்ச்சிப் பதிவேட்டின் 'சிஸ்டம்' பகுதியில் 'டிஸ்க்' என்ற பெயரின்கீழ் 7 அல்லது 153 என்ற எண்ணுள்ள பதிவுகள் அடிக்கடி காணப்படுவதும் இதையே உணர்த்தும். முன்னது கெட்ட இடம் ஒன்று அகப்பட்டதையும், பின்னது ஒரு வேலை மீண்டும் முயலப்பட்டதையும் குறிக்கும். தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் என்னும் பதிவும் உண்டு. அதைப் படித்துக் காட்டும் இலவசப் புரோகிராம்களில் மாற்றப்பட்ட துண்டுகள், படிக்க முடியாமல் நிலுவையிலுள்ள துண்டுகள் ஆகிய இரு வரிகளையும் நோக்குக. இரண்டாவது சுழியமாக இல்லாவிடில் தாமதிக்கலாகாது. தட்டிலிருந்து 'டிக், டிக்' என்ற ஓசை சீராகக் கேட்டால் எந்தப் பதிவையும் பார்க்க வேண்டியதில்லை.

இவ்வடையாளங்கள் தென்பட்டால் மற்றெல்லாச் சோதனைகளையும் நிறுத்திவிட்டு முக்கியமான கோப்புகளை வெளித்தட்டு ஒன்றிற்கு நகலெடுத்தல் வேண்டும். சிறியனவும் மறுபடி உண்டாக்க முடியாதனவும் முதலில். திரைப்படங்கள் கடைசியில், அல்லது விட்டுவிடலாம். நகலெடுக்கும் முன் தட்டைப் பழுது பார்க்கும் கட்டளைகளை இடுவது ஆபத்து. 'செக் டிஸ்க்' முழுச் சோதனை தட்டின் ஒவ்வொரு இடத்தையும் படிக்கச் செய்யும். சாகும் நிலையிலுள்ள தட்டை அது சாகடித்துவிடக்கூடும். பார்மட் செய்து விண்டோஸை மறுபடி நிறுவுவதும் இத்தகைய தட்டிற்குச் சிலநாள் வேகம் தந்து, பின்னர் புதிய பதிவுகளையும் சேர்த்து அழிக்கும். குறையைச் சொல்லாமல் யந்திரத்தைக் கடையில் விட்டுவிடுவது தகாது என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

வாரத்திற்கொருமுறை விழிக்கும் கணிப்பொறி

களப்பணியாளர் பலர் வாரம் ஆறு நாளும் வெளியே சென்றுவிட்டு ஞாயிறன்று மட்டும் வீட்டுக் கணிப்பொறியைத் திறக்கின்றனர். பள்ளிகளிலும் கோடை விடுமுறைக்குப் பின் இதே நிலை. இத்தகைய யந்திரம் எப்பொழுது திறந்தாலும் மந்தமாகவே தோன்றும். அதற்குக் காரணம் தனி. விண்டோஸ் தன் பராமரிப்பு வேலைகளை, வேறு நேரம் குறிக்காவிடில், இரவு இரண்டு மணிக்கு வைத்துக்கொள்கிறது. அவ்வேளையில் கணிப்பொறி அணைந்திருந்தால் வேலைகள் ஒத்திவைக்கப்பட்டு, பின்னர் யந்திரம் ஓய்வாக இருக்கும் நேரத்தைத் தேடுகின்றன. ஞாயிறு காலை அதைத் திறந்தவுடன் விண்டோஸின் புதுப்பிப்பு, வைரஸ் காவலின் புதிய குறிப்புகள், உலாவியின் புதிய பதிப்பு, தொலைக்கிடங்குடன் கோப்புகளை ஒத்துப்பார்த்தல், தேடல் அட்டவணை எழுதுதல் என ஆறு நாள் நிலுவையும் ஒரு மணி நேரத்தில் வந்து குவிகிறது. அந்த ஒரு மணி நேரம்தான் நமக்கும் வேண்டியது!

இதற்குப் பணச் செலவில்லாத பரிகாரம், முந்திய மாலையே கணிப்பொறியைத் திறந்து, வலையிணைப்பும் மின்சாரமும் கொடுத்து இரண்டு மணி நேரம் தொடாமல் விட்டுவிடுவதே. கைப்பேசி வழியாக வலையிணைப்புப் பெறுவோர் அவ்விணைப்பை 'மீட்டர்ட்' என்று குறித்து வைத்தால் பெரும்பாலான தானியங்கிப் பதிவிறக்கங்கள் நின்றுவிடும். ஆயினும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மாதக்கணக்கில் தள்ளிப்போடலாகாது. நல்ல இணைப்புக் கிடைக்கும் இடத்தில் அவ்வப்போது செய்துகொள்ள வேண்டும்.

பிற காரணங்கள்

கடவுச்சொல்லுக்கும் முகப்புத்திரைக்கும் இடைப்பட்ட நேரம் நீண்டால் வலையில் எதையோ தேடி நிற்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அலுவலகத்தில் பயன்படுத்திய மடிக் கணிப்பொறியை வீட்டிற்குக் கொண்டுவரும்போது இது நேர்கிறது. அங்கு பொதுக் கிடங்காக இணைத்து வைத்த டிரைவ் இங்கு இல்லை. இல்லாததைத் தேடி அலுத்தபின்னரே விண்டோஸ் மேலே செல்கிறது. வலைக்கம்பியைக் கழற்றி, வைபையையும் நிறுத்திவிட்டு நுழைந்து பார்த்தால் உண்மை உடனே விளங்கும். பழைய இணைப்பை 'டிஸ்கனெக்ட்' செய்தால் தீர்ந்தது.

நினைவகம் 4 ஜி.பி. மட்டுமே உள்ள கணிப்பொறிகளில் விண்டோஸும் காவல் புரோகிராமுமே அதில் பாதிக்கு மேல் நிரப்பிவிடுகின்றன. உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்ததும் இடமின்றி, நினைவகத்திலுள்ளவை தட்டுக்கு எழுதப்பட்டும் மீண்டும் படிக்கப்பட்டும் அலைகின்றன. அப்பொழுது மெதுவான தட்டின் குறையும் நினைவகத்தின் குறையும் ஒன்றையொன்று பெருக்குகின்றன. முகப்புத்திரை வந்து பத்து நிமிஷம் சென்றபின்னும் நினைவகம் 85 சதவிகிதத்திற்கு மேல் நின்றால் 8 ஜி.பி. ஆக்குவது நன்று. பொருத்தும் இடம் காலியாக உள்ளதா, டி.டி.ஆர். வகை எது என்று பார்த்தே வாங்க வேண்டும். சில மடிக் கணிப்பொறிகளில் நினைவகம் பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற இயலாது.

ஒன்றும் செய்யாதிருக்கும்போதும் பிராசசர் ஓயாமல் உழைத்தால் தீய புரோகிராம் புகுந்திருக்கலாம். விண்டோஸ் காவலின் 'ஆப்லைன்' சோதனையைச் செய்க. சித்திரை, வைகாசி மாதங்களில் மட்டும் மந்தமாகிறது என்றால் காற்றுவழியில் தூசி அடைத்திருக்கும். வெப்பம் எல்லையைத் தாண்டியதும் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

கேரளப் பள்ளிகளைப் போல லினக்ஸ் பயன்படுத்துவோர்க்கும், சீ-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் உள்ளவர்களுக்கும் இக்கணக்குகள் யாவும் பொருந்தும். கருவிகளின் பெயரே மாறும். 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' என்ற கட்டளையை இட்டால், தொடக்கத்தில் எந்தச் சர்வீஸ் எத்தனை வினாடி எடுத்தது என்று மிகுதியானதை முதலில் வைத்து அதுவே பட்டியலிட்டுத் தரும்.

பணம் செலவிடுவதாயின்

தொடக்கப் புரோகிராம்களைக் குறைத்தும், மறுதொடக்கம் செய்தும் மூன்றாவது நேரம் இரண்டு நிமிஷத்திற்குக் கீழே வரவில்லை, தட்டே வாயில் என்பதும் உறுதி என்றால், புதிய கணிப்பொறிக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கிப் பொருத்துவதே சிக்கனமானது. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த மடிக் கணிப்பொறிகளில் பெரும்பாலானவை இரண்டரை அங்குல 'சாட்டா' தட்டைக் கொண்டவை. அதே இடத்தில் அதே அளவு எஸ்.எஸ்.டி. பொருந்தும். பழைய தட்டில் உபயோகத்திலுள்ள இடத்தைக் காட்டிலும் புதியதின் கொள்ளளவு மிகுந்திருக்க வேண்டும். யு.எஸ்.பி. வழியே இணைக்கும் சிறு கம்பி ஒன்றால் புதியதை இணைத்து, பழையதை அப்படியே அச்செடுத்ததுபோல் நகலிடும் புரோகிராமை இயக்கி, பின்னர் இரண்டையும் இடம் மாற்றினால் போதும். விண்டோஸை மீண்டும் நிறுவ வேண்டியதில்லை, கோப்புகளும் இழக்கப்படுவதில்லை. நோயுற்ற தட்டை மட்டும் இவ்வாறு நகலிடாமல், கோப்புகளைத் தனியே காப்பாற்றிக்கொண்டு புதியதில் விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே சரி. பொருத்தியபின் 'டிபிராக்மென்ட்' என்று வெளிப் புரோகிராம் எதையும் எஸ்.எஸ்.டி.யின்மீது இயக்கலாகாது, அலையும் கையில்லாத இடத்தில் அதனால் பயனில்லை, தேய்மானமே மிச்சம்.

ஒன்றை மட்டும் கவனத்தில் வைத்துக்கொண்டு செலவைத் தீர்மானிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு 4 ஜி.பி. நினைவகமும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும் வேண்டும். பழைய யந்திரங்கள் பலவற்றில் பின்னது இல்லை. அத்தகைய யந்திரத்திலும் எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தி லினக்ஸ் நிறுவினால் பாடம் நடத்தவும், கடிதம் எழுதவும், கணக்குப் போடவும் அது இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் விண்டோஸில் மட்டுமே ஓடும் புரோகிராம் ஏதேனும் அலுவல் காரணமாகத் தேவைப்படுவோர் அதை முன்னரே ஆராய்ந்துகொள்ள வேண்டும்.

கழற்றிய பழைய தட்டை உடனே எவருக்கும் கொடுத்துவிடாமல், நலமாக உள்ளதாயின் இரண்டு மாதம் அப்படியே வைத்திருக்கலாம். நகலில் விடுபட்ட கோப்பு ஏதேனும் நினைவுக்கு வரும் காலம் ஏறக்குறைய அவ்வளவே. அதன்பின் அதற்கென விற்கும் உறையில் இட்டால் அது வெளித்தட்டாகப் பயன்படும். வாரம் ஒருமுறை பாடக்குறிப்புகளையும் பதிவேடுகளையும் தொடர்ச்சியாக எழுதி வைக்கும் வேலைக்கு அந்த மெதுவான கை தாராளமாகப் போதும்.